நாற்பதாம் கிழமையில் நிறுத்தியவர்

நீக்கிலாப்பிள்ளை அவர்கள் காலமான செய்தி வந்தபோது என் முகத்தில் ஒரு பக்கம்தான் மழித்து முடிந்திருந்தது. எங்கள் கந்தோரில் முன்பு பியோனாக இருந்த ராசையா, சலூன் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உள்ளே வராமலே, "ஐயா, நீக்கிலாப்பிள்ளை ஐயா விடியப்புறம் மோசம் போயிட்டார்" என்றார். நான் எழும்பினேன். சலூன்காரர் கத்தியைத் துடைத்தபடி, "மற்றப் பக்கத்தையும் எடுத்துவிடுறன், ரெண்டு நிமிஷம் இருங்கோ" என்றார். இருக்க முடியவில்லை. செத்தவீட்டில் பாதிப்பேர் என் தாடியைத் துக்கத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பாதிப்பேர் என் வலது பக்கத்தில் இருந்தவர்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்த, துறைமுகக் கந்தோரில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த, ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் இருக்கிற ஒல்லியான மனிதர். அறியாதவர்களுக்கு அவர் 'ஏழே கால் லாஞ்ச்'. அறுபதுகளில் ஞாயிறு பின்னேரம் கால் மணி நேரம் திருகோணமலை வீதிகளில் நாய்களும் மாடுகளும் மட்டும் நடமாடக் காரணமாயிருந்த அந்த வானொலித் தொடரை எழுதியவர் அவர்தான். வாரம் ஒன்றாக நாற்பது கிழமை நடத்தினார். இன்னும் நாலு வருஷம் போகும் என்று ஊர் நம்பியிருந்த நேரத்தில் நிறுத்தினார்.

அவர் நிறுத்தியதை நான் எடுத்து நடத்தினேன், அவரைக் கேளாமல். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குப் பல வருஷமாக வாய் வரவில்லை. இதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் நற்சான்றிதழாகிவிடும்.

சுதந்திரம் கிடைத்து மூன்று நாலு வருஷத்தில் நான் அந்தக் கந்தோரில் சேர்ந்தேன். எனக்கு எதிர் மேசையில் அவர் இருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் "அண்ணை" என்பேன். அவர் என்னை "ஐசே" என்பார். அக்காலத்துக் குமாஸ்தாக்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொண்டோம். கப்பல்களின் வரவையும் போக்கையும் எழுதுவது அவர் வேலை. கப்பல் வந்ததை எழுத எவரும் மறப்பதில்லை. போனதை எழுதத்தான் மறப்பார்கள். பழைய பதிவேடுகளின்படி பார்த்தால் நமது துறைமுகத்தில் இன்றைக்கும் ஐந்தாறு கப்பல்கள் நிற்கவேண்டும். அவர் காலத்தில் அப்படி ஒரு கப்பலும் தங்கவில்லை.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன சமயம் ஒரு துரைக்குப் பிரியாவிடை வைத்தோம். ஏழு பேர் பேசினார்கள். ஒவ்வொருவரும் துரையைத் தந்தை என்றார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான். எட்டாவதாக நீக்கிலாப்பிள்ளை அவர்களை அழைத்தார்கள். அவர் எழுந்து, "ஐயா, உங்கள் கப்பல் நாலு மணிக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் இருந்தார். துரை வந்து கைகொடுத்தது அவருக்கு மட்டும்தான்.

அப்படிப்பட்டவர் தொடர்கதை எழுதுவார் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு மூதூருக்குப் போகும் லாஞ்சில் பைத்தியம். சனிக்கிழமை காலை ஏழே கால் லாஞ்சில் ஏறுவார், கொட்டியாரக் குடாவைக் கடப்பார், மூதூரில் ஒரு பிளேன்ரீ குடிப்பார், அடுத்த லாஞ்சில் திரும்புவார். அங்கே அவருக்கு வேலையும் இல்லை, உறவும் இல்லை. லாஞ்சில் ஒரு சொல்லும் எழுதமாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து, கந்தோரில் கழித்துவிட்ட படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவார். எழுதியதை இரவு ரயிலில் கொழும்புக்கு அனுப்புவார். அங்கே வானொலி நிலையத்து நடிகர்கள் பேசுவார்கள்.

கதை இவ்வளவுதான். முட்டையும் வெற்றிலையும் விற்கும் பாக்கியக்கா என்ற விதவை. வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். லாஞ்சின் இடது பக்கத்தில், வெயிலுக்குக் கட்டிய படங்குக்குக் கீழே மூன்றாவது இருக்கை. ஒவ்வொரு கிழமையும் அந்த இருக்கைக்காக இருவரும் சண்டை பிடிப்பார்கள். கால் மணி நேரத்தில் லாஞ்ச் கரை சேரவேண்டும். நடுக்கடலில் கதையை விட்டுவிட்டு அடுத்த கிழமைக்குக் காத்திருக்கச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. "சனத்தைத் தண்ணியில விட்டிட்டு நான் எப்பிடிச் சோறு தின்னுறது?" என்பார்.

பத்தாம் கிழமையளவில், உண்மையான லாஞ்சில் உண்மையான மூன்றாவது இருக்கையில் ஆட்கள் இருப்பதில்லை என்று கண்டோம். லாஞ்சில் ரிக்கற் வெட்டுகிற ஹயாத்து நானா அதற்குக் காவல். கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான் அதில் இருக்கப் போனார்.

"அதில குந்தாதீங்க. அது பாக்கியக்காட இடம்."

"அவ எங்க?"

"ரேடியோவில."

கனவான் நின்றுகொண்டே மூதூர் போனார்.

முப்பத்தெட்டாம் கிழமை ஒலிபரப்பான மறுநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கந்தோர் மதிலில் இருந்தபடி அவர் சொன்னார்: "ஐசே, நாற்பதோட நிற்பாட்டப் போறன்."

"உங்களுக்கென்ன விசரோ? அவங்கள் இன்னும் ஒரு வருஷம் கேக்கிறாங்களெல்லோ!"

"நேற்றுப் பாக்கியக்கா குடையை மறந்து விட்டிட்டுப் போனவ. அதுக்கு முதல் எப்ப மறந்தவ?"

"ஆர் அதையெல்லாம் எண்ணினது?"

"நான் எண்ணினனான். ஒன்பதாம் கிழமை. ரெண்டு தரமும் சனம் சிரிச்சது. முதல் தரம் சிரிப்பு வந்து சிரிச்சது. ரெண்டாம் தரம் பழக்கத்தில சிரிச்சது. விருந்தும் மருந்தும் மூண்டு நாளைக்கு எண்டு சும்மாவே சொன்னவை?"

"நீங்கள் விருந்தாளியோ? வீட்டுக்காரர் மாதிரி ஆகிட்டியள்."

"அதுதான் கூடாது. வீட்டுக்காரன் கதைக்கிறதை ஆர் கேக்கிறது? திரேசாவைக் கேட்டுப் பாரும்."

திரேசம்மா அக்கா அவருடைய மனைவியார். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

செய்தி பரவியதும் ஊர் திரண்டது. பங்குச் சுவாமியார் வந்து, ஆண்டவர் தந்த திறமையைப் புதைக்கக்கூடாது என்றார். மூதூரிலிருந்து ஹயாத்து நானா தலைமையில் ஒரு கூட்டம் வந்தது. "கிளாக்கர், நீங்க நிப்பாட்டினா அந்த இடத்தில இனி ஆரைக் குந்த வைக்கிற?" என்று கேட்டார் நானா. நூற்றுக்கு மேற்பட்ட கையொப்பங்களோடு ஒரு மனுவும் கொண்டுவந்தார்கள். அதில் முதலாவது கையொப்பம் என்னுடையது. நீக்கிலாப்பிள்ளை அவர்கள் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார், மனுவை முழுக்க வாசித்தார், ஒரு பெயர் இரண்டு தரம் வந்திருப்பதைக் காட்டினார், நிறுத்தினார்.

நாற்பதாம் கிழமையில் தபாலதிபர் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் மூன்றாவது இருக்கையைத் துடைத்து, எழுந்து நின்றார். பாக்கியக்கா அதில் இருந்தார். பிறகு, "நீங்களும் இருங்கோவன். இடம் கிடக்குத்தானே" என்றார். லாஞ்ச் கரை தட்டியது. முடிந்தது. அந்தக் கிழமை முழுதும் ஊர் இரண்டு கட்சியாயிருந்தது. கலியாணம் நிச்சயம் என்றது ஒரு கட்சி. முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டால் இருவர் இருக்கலாம், அதற்குமேல் அர்த்தமில்லை என்றது மற்றது. முடிந்த பிறகும் அதைப் பற்றிக் கதைத்தார்கள். ஓடும்போது கதைத்ததைவிடக் கூடக் கதைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வானொலி நிலையம் எனக்கு எழுதியது. உங்கள் நண்பர் மறுக்கிறார், நீங்கள் தொடரலாமே என்றது. நான் அதுவரை மூன்று நகைச்சுவைக் கட்டுரைகளும் ஒரு வாழ்த்துப்பாவும் எழுதியிருந்தேன். என்னைத் தேடி வரக் கொழும்புக்கு இவ்வளவு காலம் எடுத்ததே என்றுதான் எனக்குப் பட்டது. எதிர் மேசைக்காரரிடம் சொல்லாமல் ஒப்புக்கொண்டேன். 'திருமலை நண்பன்' என்ற புனைபெயரில் எழுதினேன். நண்பன் என்ற சொல்லை அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு வெட்கமில்லாமல் பயன்படுத்தியதில்லை.

முதற்கிழமையே இருவருக்கும் கலியாணம் செய்துவைத்தேன். ஊர் மகிழ்ந்தது. இரண்டாம் கிழமை பிரச்சினை தெரிந்தது. கலியாணம் முடித்த இருவர் ஓர் இருக்கைக்காகச் சண்டை பிடிக்க முடியாது. வேறு எதற்கெல்லாமோ பிடிக்கலாம், ஆனால் அதை வானொலியில் சொல்ல முடியாது. ஆகவே தபாலதிபருக்கு மலாயாவிலிருந்து ஓர் இரட்டைச் சகோதரரை வரவழைத்தேன். அவர் போதாமற்போகவே, தம்பலகாமத்துக் காட்டிலிருந்து ஒரு யானையை இறக்கினேன். யானை லாஞ்சில் ஏறியது. பாக்கியக்காவின் தலையில் தேங்காய் விழுந்து ஞாபகம் போனது. ஞாபகம் திரும்பியதும் இன்னொரு தேங்காய் விழுந்தது. புயலை மூன்று தரம் அடிக்கவிட்டேன். ஹயாத்து நானா என்னைச் சந்தையில் மறித்தார்.

"ஆர் இதை எழுதுறவன் எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது, நானா."

"கண்டா சொல்லுங்க. ரேடியோவில எங்கட லாஞ்ச் மூணு தரம் கவிழப் பாத்திட்டு. இப்பப் பொண்டுகள் ஏறப் பயப்பிடுதுகள்."

நேயர் கடிதங்களை நிலையம் பிரிக்காமல் என் கந்தோர் விலாசத்துக்கு அனுப்பிவைக்கும். முதலில் கட்டாக வந்தன. பிறகு பத்து, ஐந்து. பதினைந்தாம் கிழமைக்குப் பின் ஒன்று மட்டும், தவறாமல் வந்தது. தம்பலகாமம், செல்வி க. புவனேஸ்வரி. அவர் என் எழுத்தை ரசித்த விதம் தனி. 'யானை மிகவும் நன்றாயிருந்தது. அது இறங்கியதாக நீங்கள் சொல்லவில்லை. இன்னும் லாஞ்சில்தான் நிற்கிறதா?' 'மலாயாச் சகோதரர் நல்லவர். அவர் இப்போது எங்கே?' அந்தக் கடிதங்களை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நிலையத்துக்கும் நகல் அனுப்பினேன். கிராமப்புறத்தில் தொடருக்கு உறுதியான வரவேற்பு இருக்கிறது என்று அவர்கள் இன்னும் பன்னிரண்டு கிழமை நீட்டினார்கள்.

செல்வி புவனேஸ்வரிக்கு நேரில் நன்றி சொல்ல ஒரு சனிக்கிழமை பஸ் ஏறித் தம்பலகாமம் போனேன். உப தபாற்கந்தோரில் இருந்தவர் தலையைச் சொறிந்தார். "புவனேஸ்வரி எண்டு ஆறு பேர் இருக்கினம். ஒருத்தரும் கடிதம் போட இங்க வந்ததில்லை. எங்க, உறையைக் காட்டுங்கோ." பார்த்தார். "இது திருகோணமலையில போட்ட கடிதமெல்லோ. முத்திரையில அடிச்சுக் கிடக்கே."

இருபது கடிதம் வந்திருந்தது. ஒன்றின் முத்திரையையும் நான் பார்த்ததில்லை. புகழ்ச்சிக் கடிதத்தின் உறையை எவர் பார்க்கிறார்? திரும்பும் பஸ்ஸில் கடிதங்களை முதலிலிருந்து வாசித்தேன். வந்ததை விட்டுவிட்டு, போனது எப்போது என்று கேட்கும் ஒரே மனிதர் எனக்கு எதிர் மேசையில் இருந்தார்.

பஸ்ஸால் இறங்கி நேரே ஓர்ஸ் ஹில் போனேன். பல மாதங்களாக அந்தப் படலையைத் திறக்கவில்லை. திரேசம்மா அக்கா கதவடியில் நின்று, என் கையிலிருந்த உறைகளைப் பார்த்தார்.

"வாருங்கோ. புவனேஸ்வரி குசினியில தேத்தண்ணி போடுறா."

நீக்கிலாப்பிள்ளை அவர்கள் அடுப்படியில் கேத்திலோடு நின்றார். ஒளிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"கையெழுத்து என்னுடையது" என்றார் அக்கா. "வசனம் அவற்ற. நான் சொன்னனான், ஒரு பொம்பிளை இப்பிடி எழுதமாட்டாள், யானையைப் பற்றிக் கேக்கமாட்டாள், பாக்கியக்காட தலைக்காயத்துக்கு என்ன மருந்து கட்டினது எண்டுதான் கேப்பாள் எண்டு. கேட்டால்தானே!"

"அண்ணை, நான்தான் எழுதிறன் எண்டு எப்ப தெரியும்?"

"முதற்கிழமை. எதிர் மேசையில இருக்கிறனான், உமக்கு வாற தபால் எனக்குத் தெரியாதே? கட்டாய் வந்தது. பிறகு குறைஞ்சது. ஒரு நாள் ஒண்டும் வரேல்லை. நீர் பியோனை ரெண்டாம் தரமும் அனுப்பிப் பாத்தீர். எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு."

"நீங்கள் எழுதினபடியால்தான் அவங்கள் இன்னும் நீட்டினவங்கள்."

"ஓம். அது நான் விட்ட பிழை." தேநீரை என் கையில் தந்தார். "என்ர கதையை நேரத்தோட நிற்பாட்ட எனக்கு ஏலுமாய் இருந்தது. உம்மட கதையை நிற்பாட்ட மனம் வரேல்லை, ஐசே."

பிழையை அவர் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு இடமே இல்லாமல் போனது. நான் கேட்டது வேறு.

"இனி இதை எப்பிடி முடிக்கிறது?"

"முடிக்காதையும். முடிக்கிற நேரம் போயிட்டுது. நிற்பாட்டும்."

நிலையத்துக்கு எழுதினேன். அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றி ஒரு பேச்சு ஒலிபரப்பானது. ஒருவரும் முறையிடவில்லை. ஆனால் லாஞ்சில் இதற்கிடையில் வேறொன்று நடந்துவிட்டது. மூன்றாவது இருக்கையில் ஆட்கள் இருக்கத் தொடங்கியிருந்தார்கள். ஹயாத்து நானா தடுக்கவில்லை. நான் அதை நீக்கிலாப்பிள்ளை அவர்களிடம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் லாஞ்சில் போகிறவருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் எதிர் எதிர் மேசையில் இருந்தோம், ஒன்றாக இளைப்பாறினோம். அந்த விஷயத்தை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. எடுத்து ஏசியிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். மௌனத்துக்கு எதிராக எனக்கு ஒன்றும் எழுத வராது.

எண்பதுகள் பிறக்கும்போது தொலைக்காட்சி வந்தது. லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒருவர் வாங்கினார். படம் மழைக்குள் தெரிவதுபோல் தெரியும். முற்றத்தில் நாற்பது பேர் இருந்து அந்த மழையைப் பார்த்தார்கள். சென்ற மாதம் கொழும்பிலிருந்து ஓர் இளம் தயாரிப்பாளர், மிகவும் மரியாதையானவர், ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தார். 'ஏழே கால் லாஞ்சை'த் தொலைக்காட்சியில் கொண்டுவர வேண்டுமாம். நீக்கிலாப்பிள்ளை அவர்களுக்கு அப்போது இருதயம் களைத்து, கால் வீங்கி, கதிரையை விட்டு எழும்ப முடியாது. நானும் இருந்தேன்.

"ஐயா, சனத்துக்கு இப்பவும் பாக்கியக்காவில உயிர்."

"ஓம் தம்பி. அதுதான் பயமாக் கிடக்கு. உங்கட அம்மா கேட்டவவோ?"

"ஒரு கிழமையும் விடமாட்டா."

"பாக்கியக்கா எப்பிடி இருப்பா எண்டு சொல்லுறவ?"

"கொஞ்சம் கட்டை, கறுப்பு, மூக்குத்தி போட்டவ எண்டு சொல்லுவா."

"மூக்குத்தியோ!" என்றார் திரேசம்மா அக்கா உள்ளேயிருந்து. "அவ பூசைக்குப் போற வேதக்காரியெல்லோ! நெடிய பொம்பிளை."

"பாத்தியளே?" என்றார் அவர். "நான் மூக்கைப் பற்றி ஒரு வசனம் எழுதேல்லை. ஆளுக்கு ஒரு பாக்கியக்கா வைச்சிருக்குதுகள். நீங்கள் ஒருத்தியைக் கொண்டுவந்து காட்டினால் மற்றவை எல்லாம் அண்டைக்கே செத்துப்போவினம். உங்கட அம்மாட பாக்கியக்காவும்தான்."

தயாரிப்பாளர் நல்ல மனிதர். தேநீரைக் குடித்து முடித்தார். நான் படலை வரை கூடப் போனேன். அங்கே அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, நீங்கள் முந்தித் தொடர்ந்து எழுதினனீங்களாம். இப்பவும் எழுதித் தரலாமே?" என்றார். என் வயதில் ஒருவனை நாட்டின் புதிய சாதனம் தேடி வருகிறது. பெயரும் என்னுடைய பெயராகவே போடுவார்களாம். நான் "ஏலாது" என்றேன். சொன்ன பிறகு எனக்கே என் குரல் புதிதாயிருந்தது.

மறுநாள் போய்ச் சொன்னேன். "என்னட்டையும் கேட்டவர், அண்ணை."

"கண்டனான், படலையடியில நிண்டு கதைச்சதை. என்ன சொன்னீர்?"

"ஏலாது எண்டு சொன்னனான்." பிறகு, நிற்காமல், நின்றால் வராது என்று தெரிந்தபடியால்: "அண்டைக்கு உங்களைக் கேளாமல் நான் எழுதினது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கதிரையில் என் பக்கம் திரும்பினார்.

"இதைச் சொல்ல இவ்வளவு காலமோ? நீர் ஒண்டையும் நேரத்துக்கு முடிக்கமாட்டீர், ஐசே."

அந்தக் குரலில் இருந்ததை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். துணிவும் வந்தது. "அப்ப எனக்கு மட்டும் சொல்லுங்கோ. அவை ரெண்டு பேரும் கலியாணம் கட்டினவையோ, இல்லையோ?"

"என்னைக் கேக்கிறீர்? நீர்தானே கட்டிவைச்சனீர்!"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி, திரேசம்மா அக்கா தண்ணீரோடு வந்து எங்கள் இருவரையும் ஏசினார். நாலாம் நாள் ராசையா சலூனுக்கு வந்தார்.

அடக்கத்துக்கு மூதூரிலிருந்து ஒரு லாஞ்ச் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் அநேகர், சனிக்கிழமைகளில் லாஞ்சில் பேசாமல் இருந்தவர்தான் அவர் என்று அன்றுதான் கண்டார்கள். சுவாமியார் சுருக்கமாக முடித்தார். அப்படி முடிக்கும்படி நீக்கிலாப்பிள்ளை அவர்கள் அவரிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தாராம். மண் போட்டாயிற்று. ஆனால் எவரும் அசையவில்லை. பத்து நிமிஷம், கால் மணி. இன்னும் ஏதோ இருக்கிறது, இது இவ்வளவில் முடிய முடியாது என்று எல்லாரும் நம்பியதுபோல் வெயிலில் நின்றோம்.

திரேசம்மா அக்காதான் திரும்பினார். முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்தார்.

"அவர் முடிச்சிட்டார். நாங்கள் இழுக்கக்கூடாது. வெய்யில் ஏறுது, எல்லாரும் வீட்ட போங்கோ, பிள்ளையள்."

போனோம். ஒழுங்கையின் முடிவில் ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் எனக்கு இருந்தது. பார்க்கவில்லை. போய் வாருங்கள், அண்ணை.